கற்பனை எண்ணும் மெய்யான மின்னும்

தமிழாசிரியனுக்குக் கணிதத்தோடு யாது உறவு என வினவுவோர் உளர். சொல்லால் வந்த உறவு என்பேன். ஊவாத் தோட்டப் பாடசாலைகளிற் பல்லாண்டு கற்பித்த என்னிடம், பேராதனையில் மின்பொறியியல் பயிலும் பழைய மாணவனொருவன் சென்ற விடுமுறையில் வந்தான். லயத்திற் பிறந்து, உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்பதற்காக நாடோறும் பதுளைக்குப் பேருந்தேறியவன் அவன். "ஐயா, இல்லாத எண்ணைக் கொண்டு இருக்கின்ற மின்னோட்டத்தைக் கணிப்பது எங்ஙனம்?" என்றான்.

இருவருமாக அவன் நூலை விரித்தோம். கம்பிச் சுருளொன்றின் தடை 3 ஓம். வினாடிக்கு 50 சுற்று ஆடும் எம் நாட்டு ஆடலோட்டத்துக்கு அச்சுருள் தன் காந்தத்தால் இடும் தடுப்பு 4 ஓம் எனக் கொள்வோம். மொத்தத் தடங்கல் 7 ஓம் ஆகாது; 5 ஓமே ஆகும். ஏனெனில் அவ்விரண்டின் மின்னழுத்தங்களும் ஒரே கணத்தில் உச்சமெய்துவதில்லை. இடையே கால் வட்டத் தூரம் உண்டு. செங்கோண முக்கோணியின் இரு பக்கங்களாக அவற்றை வரைந்தால், செம்பக்கம் 5. ஆகவே, 230 வோல்ற்றில் ஓடுவது 46 அம்பியர்.

இக்கால் வட்டத் திருப்பத்தையே பொறியியலாளர் 'ஜே' என்று குறிப்பர். 'ஐ' என்னும் எழுத்து மின்னோட்டத்துக்கு உரியதாயிற்று. இருமுறை திரும்பினால் எதிர்த்திசை, அதாவது −1. ஆதலால் ஜேயின் வர்க்கம் −1. இவ்வளவே அதன் மருமம். இம்முறையைச் சாள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ் என்பார் 1893 இல் சிக்காகோ மாநாட்டில் விளக்கினார். வகையீட்டுச் சமன்பாடுகளால் அரிதிற் பெற்ற விடையை அட்சரகணிதம் எளிதில் தந்தது.

இடர்ப்பாடு 'கற்பனை' என்னும் பெயரினால் வருகிறது. 'திருப்பெண்' என்றிருப்பின் மாணவன் மருண்டிரான். பெயரை மாற்றுக எனக் கூறேன். வாய்பாட்டுக்கு முன்னே பொருளை உரைத்தல் வேண்டும். தமிழிற் கற்ற பிள்ளை பல்கலைக்கழகத்தில் அதனையே ஆங்கிலத்திற் கேட்கின்றான். பொருள் முன்னரே உள்ளத்திற் பதியாவிடின், இரு மொழியிலும் அவனுக்கு எஞ்சுவது வெறுங் குறியீடே.

2024 ஏப்ரிலில் தொடக்கி வைக்கப்பெற்ற உமா ஓயா நிலத்தடி மின்னிலையம் 120 மெகாவாற்று வலுவுடையது. எம் மலைநீர் மின்னாகின்றது. அம்மின்னை ஆளும் கணிதம் எம் லயங்களுக்கும் எட்டுதல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் இருப்பீர்கள். விடுமுறையில் ஒரு நாள் பதுளைக்கு வந்து, உயர்தர மாணவருக்கு ஒரு பாடம் நடத்துங்கள். கல்லூரி அன்னைக்குச் செய்யும் கைம்மாறு அதனினும் வேறில்லை. மாணவரையும் கரும்பலகையையும் ஆயத்தமாக வைப்பது என் பொறுப்பு.