தோளில் வந்த சோறு

"பசியாறியாச்சா?" என்று கேட்டார் அந்தச் சீன அம்மாள். தமிழில்தான். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், குட்டி இந்தியா முனையில், காலை எட்டரை மணிக்கு. மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் கேட்கிற கேள்வி அது. எங்கள் பக்கம் முஸ்லிம் வீடுகளில் காலை உணவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

"இன்னும் இல்லை" என்று பொய் சொன்னேன். பணம் கட்டும்போதே வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நானோ ஏழு மணிக்கே பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் இரண்டு தோசையை முடித்துவிட்டு வந்திருந்தேன். வெறும் வயிற்றோடு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த சட்னியை மட்டும் விரலால் சுண்டிவிட்டாள்.

நடந்துகொண்டே சாப்பிடும் சுற்றுலா. நாலு மணி நேரம், ஒரு வழிகாட்டி, எங்களோடு ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியும் கொரியாவிலிருந்து வந்த இரண்டு பெண்களும். இரண்டு பேருக்கு நாங்கள் கட்டிய காசில் எங்கள் தெரு முழுவதற்கும் பரோட்டா வாங்கித் தந்திருக்கலாம் என்ற எண்ணம் முதல் அரை மணி நேரம் என்னை விடவில்லை. வழிகாட்டி அம்மாள் கையில் குடை, தலையில் ஓலைத் தொப்பி. ஹொக்கியன், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் சரளமாக இருந்தார். அதற்கு மேல் எண்ணி இருபது தமிழ்ச் சொற்கள். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் தமிழ்க் குடும்பம் இருந்ததாம்.

முதலில் அவர் கூட்டிப்போய் நிறுத்திய இடத்தில் ஆவி பறக்க இருந்தது இடியாப்பம். இங்கே அதற்குப் பெயர் புட்டு மாயம். அரிசி மாவு, அச்சு, ஆவி என்று அவர் விளக்க, கொரியப் பெண்கள் படம் எடுக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்டேன். காசு கொடுத்து இடியாப்பம் பற்றித் தெரிந்துகொண்ட முதல் அம்பாசமுத்திரத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தந்தார்கள். எங்கள் வீட்டில் என்றால் சொதி ஊற்றுவோம். இல்லை, தேங்காய்ப்பால். இரண்டும் ஒரே தட்டில் வராது. அம்மா அந்த விஷயத்தில் கறார்: குழம்பு முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று கால் வைத்தால் "என்ன பிசைசல் இது?" என்று தட்டைப் பார்ப்பாள். அறுபதை நெருங்கும் வயதிலும் என் தட்டில் பாத்தி கட்டித்தான் சாப்பிடுகிறேன்.

அங்கிருந்து சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை அந்தக் காலத்தில் சூலியா என்றார்கள். தெருவில் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு சிறு தர்கா இருக்கிறது. நாகூரில் அடங்கியவருக்கு இங்கே ஒரு நினைவிடம். கடல் கடந்துபோகிறவன் தன் பாதுகாப்பையும் கையோடு கொண்டுபோயிருக்கிறான். சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கப்பித்தான் என்பது ஒரு சமூகத்துக்குத் தலைவராக ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டவர். இங்கே அது காதர் மொஹிதீன் என்ற தமிழர். நம்மவரைக் குறித்த கெலிங் என்ற சொல் அன்று வெறும் அடையாளம், இன்று வசை. பிரான்சிஸ் லைட் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கியபோது, காட்டை வெட்ட ஆள் வரவேண்டும் என்று பீரங்கியில் வெள்ளிக்காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை. வழிகாட்டி அம்மாள் அதைச் சொல்லிவிட்டு, "நம்புகிறவர்கள் நம்பலாம்" என்று சிரித்தார். பினாங்கு என்றால் மலாயில் பாக்கு. பாக்குத் தீவுக்கு வந்த தமிழன் வெற்றிலைக்கு அலைந்திருக்க மாட்டான்.

எங்கள் தெருவில் பினாங்கு வீடு என்றே ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் ரஜூலா கப்பலில் போய் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வரை படுத்தே போவேன், எழுந்தால் குமட்டும் என்பார். 1926இல் கட்டிய கப்பல் அது. எழுபதுகள் வரை ஓடியது. பிறகு சிதம்பரம் என்று ஒரு கப்பல் வந்தது. 1985இல் அது தீப்பிடித்ததோடு கடல்வழிப் போக்குவரத்து நின்றே போனது. அந்தப் பெரியவர் கொண்டுவந்த தகர டப்பாவும் சாதிக்காய் ஊறலும்தான் எனக்குத் தெரிந்த பினாங்கு. சாதிக்காயின் கொட்டையை நாம் மருந்துக்கு உரசுகிறோம். இவர்கள் அதன் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்துத் தின்கிறார்கள்.

அடுத்தது சார் கொய் தியாவ். இங்கேதான் என் கட்டிய கைகள் அவிழ்ந்தன. தெருவோரத் தள்ளுவண்டி, கரி அடுப்பு, அதன் மேல் கனத்த வாணலி. சமைப்பவருக்கு எழுபது வயது இருக்கலாம். வரிசையில் பதினைந்து பேர். அவர் யாரையும் பார்க்கவில்லை. பன்றிக் கொழுப்பு உருகிப் புகை கிளம்பியதும் பூண்டு, அது நிறம் மாறுவதற்குள் பட்டையான அரிசி நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, சோயா சாறு, கரண்டியின் முனையில் மிளகாய் விழுது. எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டையை உடைத்தார். முட்டை பாதி வெந்ததும் ஓரத்தில் கிடந்ததை அதன் மேல் புரட்டினார். இறால், முளைகட்டிய பயறு, பூண்டுத்தாள், கடைசியில் சிப்பிச் சதை. சிப்பி வாணலியில் இருந்தது பத்து எண்ணுவதற்குள். அதற்கு மேல் இருந்தால் ரப்பராகிவிடும். தட்டு. அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. இரண்டு தட்டை ஒன்றாகப் போட்டால் சூடு இறங்கிவிடும், அந்தக் கரிந்த வாசனை வராது என்றார் வழிகாட்டி. பதினைந்து பேர் நின்றால் பதினைந்து முறை.

எங்கள் பக்கம் வாணலியைச் சீனச்சட்டி என்போம். அம்மா அப்பளம் பொரித்தது, நான் கல்யாணமானதும் வாங்கியது எல்லாம் சீனச்சட்டிதான். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்குள் சீனா உட்கார்ந்திருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கிழவரின் கைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. இடியாப்பத்தின் பெயரை மாற்றிவிட்டார்களே என்று ஒரு மணி நேரமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். நாமாவது சட்டியின் பெயரை விட்டுவைத்திருக்கிறோம் என்று மனைவியிடம் சொன்னேன். "பெயரை மட்டுந்தான்" என்றாள்.

ஆர்மீனியன் தெருவில் ஒரு வீட்டின் முன்னால் அம்மாள் நின்றார். இரண்டு மாடி, மரச் சன்னல், கீழே ஐந்தடி நடைபாதை. அதே தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் முண்டியது. இவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இந்த மாடியில்தான் பிறந்தேன்" என்றார். இப்போது அது தங்கும் விடுதி. ஓர் இரவு வாடகை எவ்வளவு என்று சொல்லிவிட்டு, "எங்க அப்பா ஒரு வருஷம் பூரா கொடுத்த வாடகை அவ்வளவு வராது" என்று சிரித்தார். பழைய வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அது விலகி 2000இல் வாடகை ஏறியதும், தலைமுறைகளாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபிடமாக அறிவித்தது. கட்டடங்கள் பிழைத்துக்கொண்டன. குடியிருந்தவர்கள் புறநகரில் அடுக்குமாடியில்.

அவர் குழந்தையாக இருந்தபோது இரவில் மூங்கில் குச்சிகளை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு நூடுல்ஸ்காரர் வருவாராம். மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினால் கிண்ணம் மேலே வரும். சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை அதே கூடையில் இறக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் கயிறு இழுத்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது பண்டம் நடந்தது, ஜனம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. இப்போது பண்டம் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் தொப்பி போட்டுக்கொண்டு, காசும் கட்டி, வெயிலில் நடக்கிறோம்.

இடையில் அசாம் லக்சா. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியில் கரைத்த குழம்பு. குடம்புளியின் உறவுக்காரப் புளி வற்றலும் சேரும். அதில் வழுவழுப்பான நூடுல்ஸ், மேலே அன்னாசி, புதினா, ஓர் இஞ்சிவகைப் பூவின் மொட்டு, இறாலைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கறுப்புக் கூழ். ஆஸ்திரேலியர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டார். மீன் குழம்பைப் பழையதாக்கிச் சாப்பிடும் ஊரில் பிறந்த எனக்கு அது சொந்த வீடு போலிருந்தது. அவருடையதையும் நானே முடித்தேன். செண்டோல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பனிச் சீவல், தேங்காய்ப்பால், கருப்பட்டி போன்ற வெல்லம், பச்சைப் புழுக்கள் மாதிரி மாவு. வெயிலுக்குத் தேவாமிர்தம்.

கடைசியாக நாசி கண்டார். நாசி, சோறு. கண்டார், தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. நம் காவடியேதான். ஒரு பக்கம் சோற்றுக் கூடை, மறுபக்கம் குழம்புச் சட்டிகள். அதைத் தூக்கிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துக்கு நடந்தார்கள். மூட்டை இறக்குகிறவன் தட்டோடு உட்கார நேரமில்லாதவன். ஒரே அள்ளலில் சோறும் எல்லாக் குழம்பும் வாழையிலையில் விழுந்தாக வேண்டும். குழம்பைக் கலப்பது அப்படித்தான் பழக்கமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேம்பல் தெருவில் 1907இலிருந்து இருக்கும் ஹமீதியா போன்ற கடைகளில் தண்டு எப்போதோ சுவரோரம் சாய்ந்துவிட்டது. பெயரில் மட்டும் தோள் இருக்கிறது. இதே தெருக்களில்தான் தைப்பூசத்துக்கு நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் கிளம்புகிறது. காவடி சுமக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சோற்றைச் சுமக்கிறவர்தான் இல்லை.

பினாங்கின் பேர்பெற்ற தெருப் பண்டங்களை அடுப்படியில் நின்று சமைப்பவர் உள்நாட்டாராக இருக்க வேண்டும் என்று 2016 முதல் மாநில அரசு விதி வைத்திருக்கிறது. வெளியாள் கைபட்டால் ருசி மாறிவிடும் என்ற கவலை. கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பண்டங்களைத் தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலோர் கப்பலிலிருந்து இறங்கியவர்கள்தானே.

நாசி கண்டாருக்கு நாங்கள் போன கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கரண்டி பிடித்திருந்த இளைஞன் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழுக்கு வந்துவிட்டான்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"அம்பாசமுத்திரம்."

"அப்படிப் போடுங்க! நமக்குக் கடையநல்லூரு."

வந்து நாலு வருஷமாம். மனைவியும் குழந்தையும் ஊரில். பேசிக்கொண்டே தட்டில் சோற்றைக் கவிழ்த்து, கோழி ஒன்று, மீன் முட்டைத் துண்டு ஒன்று, வெண்டைக்காய் நாலு வைத்தான். எதிரே ஏழெட்டுத் தேக்சா, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம். என் அம்மா வளர்த்த வளர்ப்பு சும்மா இருக்குமா?

"தம்பி, குழம்பு மட்டும் தனித்தனியாக் கிண்ணத்துல தர முடியுமா?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. வழிகாட்டி அம்மாளுக்கு விஷயம் எப்படிப் புரிந்ததோ, பின்னாலிருந்து "பஞ்சிர், பஞ்சிர்!" என்று கத்தினார். மலாயில் வெள்ளம். குழம்பை வெள்ளமாக விடு என்று அர்த்தம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தனித்தனியாச் சாப்பிடவா அண்ணாச்சி இவ்வளவு தூரம் வந்திய?" என்றான் பையன்.

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கோழிக் குழம்பு விழுந்தது, அதன் தலையில் மீன் குழம்பு, அதன் மேல் பருப்பு, பிறகு கறுப்பாக ஒன்று. பாத்தியெல்லாம் உடைந்து வெண்டைக்காய் மிதந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி அவள் தட்டை விட்டுவிட்டு என் தட்டில் கை வைத்திருந்தாள்.