கண்ணாடித் தொட்டியும் கிடங்கல் ஏரியும்

சென்னைக் கொளத்தூரில் வாங்கிய மலாவி ஏரிச் சிக்லிட் மீன்கள் சிலவற்றை விழுப்புரத்து எம் இல்லத்தில் வளர்த்து வருகின்றோம். ஆப்பிரிக்காவிலுள்ள அவ்வேரியின் நீர் காரத்தன்மையுடைய வன்னீர். எமது கிணற்று நீரும் வன்னீராதலின் அவை ஈண்டு இனிது வாழ்கின்றன. தாய்மீன் முட்டைகளை வாயிலடக்கி, உணவு துறந்து, ஏறத்தாழ மூன்று வாரம் காக்கும். அவ்வன்பைக் கண்டு வியவாதார் யாவர்?

இனி, வடிகட்டியின் இயல்பு அறியத்தக்கது. அதன் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள், மீன்கழிவிற் பிறக்கும் அம்மோனியா என்னும் நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் கலந்த குழாய்நீர் அவற்றை மாய்க்கும். ஆதலின் தொட்டியினின்று முகந்த நீரிலேயே பஞ்சை மெல்ல அலசுகின்றோம். மின்சாரம் நெடுநேரம் நின்றாலோ, நீரோட்டமின்றி உயிர்வளி குன்றி அவை மடியத் தொடங்கும். அவ்விரவுகளில் எமக்கு உறக்கமில்லை.

நிற்க. குஞ்சுகள் பெருகித் தொட்டியில் இடமில்லாதாயிற்று. திண்டிவனத்து நண்பரொருவர், "எங்கள் கிடங்கல் ஏரியில் விட்டுவிடலாமே" என்றார். தாயின் வாயில் வளர்ந்தவற்றைக் கொல்ல எமக்கு மனமில்லை. ஏரியில் விடவும் துணிவில்லை. என்னை? 1952-ல் இந்தியாவிற்குக் கொணரப்பெற்ற திலாப்பியாவும் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. நம்மவர் ஜிலேபிக் கெண்டை எனும் அம்மீன், ஏரி குளங்களிற் பரவி நாட்டு மீன்களை நெருக்குகின்றது. சிறுபாணாற்றுப்படைத் தலைவனாம் நல்லியக்கோடனின் கிடங்கில் இக்காலத்துக் கிடங்கலே என்பர். அத்தொல்பதியின் நீர் அந்நீரிற் பிறந்த மீன்களுக்கே உரியதாகுக.

குஞ்சுகளை மீன் வளர்ப்போர் மூவரிடம் பகிர்ந்தளித்தோம். பஞ்சு அலசும் முறையையும் உடன் கூறினோம். அன்பர்காள்! நீவிரும் மீன் வளர்ப்பீராயின் ஏரியை மறவாதிருப்பீராக.