போல்ட்டுக்கு ஒரு கறுப்புச் சட்டை

ஒரு தீப்பெட்டியைக் கையில எடுங்க. குச்சியை உரசுற பக்கவாட்டுப் பட்டையில இருக்கறது சிவப்பு பாஸ்பரஸ். அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கான். பேரு பாஸ்பாரிக் அமிலம். அண்ணன் தீ வைப்பான், தம்பி துருவைத் தடுப்பான். சிவகாசியில பொறந்த எனக்கு ரொம்ப நாளா அண்ணனை மட்டும்தான் தெரியும். தம்பியை அறிமுகப்படுத்தி வச்சது எங்க தாத்தாவோட கார்.

எங்க மாவட்டத்துல பழைய கார்னு பேச்செடுத்தா, காமராஜரோட எம்.டி.டி. 2727 செவர்லேயைப் பத்தித்தான் பேசுவாங்க. எங்க வீட்டு வண்டி அவ்வளவு பெரிய இடம் இல்லை. 1968 மாடல் அம்பாஸடர் மார்க் டூ. காலண்டர் சாம்பிளை டிக்கியில அடுக்கிக்கிட்டு தாத்தா ஊர் ஊரா ஆர்டர் பிடிச்ச வண்டி. அவர் போன பிறகு வேப்ப மரத்தடியில நின்னு கோழி அடையற இடமாயிடுச்சு.

அப்பா பட்டாசு ஆலையில ஃபோர்மேன். மருந்து இருக்கற அறையில இரும்புச் சாமானையே விடமாட்டாங்க, உரசினா பொறி பறக்கும்னு. மரமும் பித்தளையும்தான். முப்பது வருஷம் அப்படியே பழகினவருக்கு இரும்புன்னாலே ஆகாது. பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசிட்டுப் போயாச்சு. நான் கெஞ்சினதுல ஒரு கெடு கிடைச்சது. “தீவாளிக்குள்ள ஒரு பாகத்தையாச்சும் ஒழுங்கா பண்ணிக் காட்டு. இல்லேன்னா எடைக்குத்தான்.”

மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் படிக்கறவன்கிட்ட சொல்ற பேச்சா இது? பானெட்டைக் கழட்டினேன். கீல், பூட்டு ஸ்பிரிங், இருபது முப்பது போல்ட். ஐம்பது வருஷத்துக் கிரீஸைச் சுரண்டினா, உள்ள ஒரு போல்ட் தலை மட்டும் துருப்பிடிக்காம மங்கலான கருஞ்சாம்பல் நிறத்துல இருந்தது. பெயின்ட் இல்லை, முலாமும் இல்லை. எங்க லேப் சார் பார்த்துட்டு, “பாஸ்பேட்டிங்டா”ன்னார்.

1906-ல இங்கிலாந்துல பர்மிங்காம்காரர் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் காப்புரிமை வாங்கின முறை. அப்புறம் அமெரிக்காவுல பார்க்கர் கம்பெனி எடுத்து வளர்த்ததால ‘பார்க்கரைசிங்’னும் பேரு. துப்பாக்கியிலிருந்து கார் போல்ட் வரைக்கும் இந்தக் கறுப்புச் சட்டைதான். இப்ப கடையில கிடைக்கற பளபள போல்ட்டை மாட்டினா, வேட்டிக்கு மேல கோட்டு போட்ட மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும்.

விஷயம் இவ்வளவுதான். பெயின்ட் இரும்பு மேல உட்காரும். பாஸ்பேட் இரும்புலயே முளைக்கும். அமிலம் இரும்பைக் கொஞ்சமா கடிக்கும். கடிச்ச இடத்துல அமிலத்தோட காரம் குறையும். உடனே கரைசல்ல இருக்கற துத்தநாகமோ மாங்கனீஸோ பாஸ்பேட் படிகமா அங்கேயே படிஞ்சிடும். பெயின்டுக்கு அடியில பிடிப்பு வேணும்னா துத்தநாகம். போல்ட்டுக்குக் கறுப்பு வேணும்னா மாங்கனீஸ். படிகங்களுக்கு நடுவுல இருக்கற நுண்ணிய இடுக்கு எண்ணெயை உறிஞ்சி வச்சுக்கும். எண்ணெய் போடலேன்னா இந்தச் சட்டை துருவை ரொம்ப நாள் தாங்காது.

மதுரையில கரைசல் வாங்கியாச்சு. அம்மாவோட எவர்சில்வர் குண்டானைச் சுட்டாச்சு. (அது திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது. புதுசு வாங்கிக் கொடுத்துட்டேன், திட்டு மட்டும் இன்னும் நிக்கலை.) கேஸ் அடுப்பைத் தூக்கிட்டு வந்தப்ப அப்பா மறிச்சார். “அது கொதிக்கறப்ப என்னலே வரும்?” ஹைட்ரஜன்னேன். “எரியுமா?” எரியும்னேன். அதுக்கப்புறம் அவர் எதுவும் கேக்கலை. அடுப்பு உள்ள போச்சு, கரண்ட் ஹாட் பிளேட் வெட்டவெளிக்கு வந்துச்சு. கண்ணாடி, கையுறை, பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி. தண்ணியிலதான் அமிலத்தை ஊத்தணும், அமிலத்துல தண்ணியை ஊத்தக் கூடாதுன்னு பத்தாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணினதை முதல் தடவையா பயத்தோட செஞ்சேன்.

முதல் ஈடு சொதப்பல். கீல் மேல என் கட்டைவிரல் ரேகை அச்சடிச்ச மாதிரி வெள்ளையா தெரிஞ்சது. வெறும் கையால தொட்டிருக்கேன். விரல்ல இருக்கற எண்ணெய்ப் பசையே போதுமாம். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. கழுவின பாகத்து மேல தண்ணி ஊத்திப் பாருங்க. தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டா இன்னும் பசை இருக்கு. படலமா பரவினாத்தான் சுத்தம்.

ரெண்டாவது ஈடு நல்லா வந்து, ரெண்டே நாள்ல துருப்பிடிச்சது. அலசினது எங்க வீட்டு போர்த் தண்ணியில. வாயில வச்சா உப்பு. அந்த உப்பு அடியிலேயே தங்கிடுச்சு. அதுலேருந்து கடைசி அலசல் கேன் தண்ணியிலதான். குடிக்கற தண்ணியில போல்ட் கழுவறியான்னு பாட்டி கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஆனா நிஜமா பயந்தது ஸ்பிரிங் விஷயத்துல. துரு போகட்டும்னு பூட்டு ஸ்பிரிங்கை ராத்திரி முழுக்க அமிலத்துல போட்டு வச்சேன். காலையில மாட்டி இழுத்தேன், ‘டக்’. ரெண்டு துண்டு. அமிலத்துல வர்ற ஹைட்ரஜன், கெட்டியான எஃகுக்குள்ள புகுந்து அதை நொறுங்கற மாதிரி ஆக்கிடும்னு சார் சொன்னார். அதே அமிலத்துக்கு அடுத்ததா ஸ்டியரிங் போல்ட்டுகளை எடுத்து வச்சிருந்தேன். ஸ்பிரிங் முந்திக்கிட்டதால பானெட் பூட்டோட போச்சு. இல்லேன்னா நாலுவழிச் சாலையில தெரிஞ்சிருக்கும்.

அப்பா அந்த ரெண்டு துண்டையும் ரொம்ப நேரம் கையில வச்சுப் பார்த்தார். திட்டுவார்னு நின்னேன். “எங்க ஆலையிலயும் இப்படித்தான். தெரிஞ்ச வேலைதானேன்னு நினைக்கறவன்தான் மாட்டுவான்”னுட்டு, ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் புது ஹை-டென்சைல் போல்ட் வாங்கப் பணம் கொடுத்தார். அழகு பார்க்கறது கீலோட நிக்கட்டும்னார்.

மூணாவது ஈட்டுக்கு அவரே கூட நின்னார். தெர்மாமீட்டர் 95 டிகிரி. கீலை இறக்கினதும் சின்னச் சின்ன குமிழா நுரைச்சுது. கால் மணி நேரத்துல குமிழ் அடங்கிச்சு. தூக்கி, அலசி, சூடு ஆறறதுக்குள்ள எண்ணெயில முக்கினா, சாம்பலா இருந்தது அப்படியே கறுத்துச்சு. எங்க ஊரு வறண்ட காத்து ஒரு உபகாரம்தான். கழுவின இரும்பு சட்டுனு துருப்பிடிக்கறதில்லை.

மிச்சக் கரைசல்ல அமிலம் முறியற வரைக்கும் சுண்ணாம்பு போடச் சொன்னார். வாறுகால்ல ஊத்தவே விடலை.

வண்டி இன்னும் ஓடலை. இன்ஜின் மதுரை லேத்துல கிடக்கு. தீவாளிக்கு வந்த மாமா, “எப்ப மச்சான் கிளம்பும்?”னு நக்கலா கேட்டார். அப்பா பதில் சொல்லாம பானெட்டைத் தூக்கினார். கீல் சத்தமே போடலை. “முதல்ல கையைத் துடைச்சுட்டு வாங்க, அப்புறம் தொடலாம்”னார்.