ஒரு பெயரில் இரு மண்

ஹைதராபாத்துக்கு ஆய்வு செய்ய வந்த பின்னரே 'செம்மண்' என்ற சொல் எவ்வளவு மறைக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது. 1972இல் பட்டான்செருவில் நிறுவப்பெற்ற இக்ரிசாட் வளாகத்தில் செம்மண்ணும் கரிசலும் அருகருகே கிடக்கின்றன. அங்குள்ள செம்மண் அமெரிக்க வகைப்பாட்டின்படி ஆல்ஃபிசால். கேரள இடைநாட்டில் பரவலாகக் காணும் ஆழமான, அமிலத்தன்மை மிக்க செம்மண்ணோ அல்டிசால். நிறம் ஒத்திருக்கும், இரண்டிலும் மேலிருந்து இறங்கிய களி அடியில் படிந்திருக்கும். அடிமண் பற்றிவைத்துள்ள கால்சியம், மக்னீசியம் போன்ற காரத் தனிமங்களின் பங்கே இவற்றைப் பிரிக்கிறது. அது 35 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அல்டிசால். மிகுதியைப் பெருமழை கழுவிச் சென்றிருக்கும். மேல்மண்ணைக் கையில் பிசைந்தே இதைச் சொல்லிவிடலாம் என்போரை நான் நம்புவதில்லை. ஆளுயரக் குழி வெட்ட வேண்டும்.

பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைத் தாக்குகிறது. தேயிலை அதைத் தாங்கிக்கொள்ளும். பயறு வகைகளில் பல தாங்கா. அத்தகைய நிலத்துக்குச் சுண்ணாம்பு இன்றியமையாதது. ஏறத்தாழ நடுநிலையில் உள்ள பட்டான்செருச் செம்மண்ணுக்கோ அது வீண் செலவு. 'செம்மண் நிலங்களுக்கு' என்று ஒரே பரிந்துரை எழுதினால், இவ்விரு உழவர்களில் ஒருவருக்கு இழப்பு உறுதி. ஆகவே என் களக்குறிப்பேட்டில் இப்போது நிறத்துக்கு முன்பாகக் குழியின் ஆழத்தையும் பி.எச். அளவையும் எழுதுகிறேன்.