மச்சானும் காலிஃப்ளவர் சோறும்

பேலியோ உணவுமுறையைத் தொடங்கிய முதல் வாரமே எடை சரசரவென இறங்கும். துள்ளாதீர்கள், அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். கொழுப்பு கரைவது அப்புறம், ஆமை வேகத்தில். பலர் கழன்றுகொள்வது அங்கேதான்.

என்னை விடாமல் பிடித்திருப்பது மச்சான். விடியும் முன்னே வாசலில் ஹாரன் அடிப்பார், நடந்தே ஆக வேண்டும். மதியம் நான் காலிஃப்ளவரைத் துருவி நெய்யில் வதக்கிய 'சோறு' படம் அனுப்பினால், பதிலுக்கு முட்டைப் பொரியல் வரும். கல்யாணப் பந்தியில் அவர் கை ஜாங்கிரிப் பக்கம் போனால் என் முழங்கை பேசும்.

(சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும்.)

இப்போது மச்சானுக்கு பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை. பெல்ட்டில் புதுத் துளை போட அக்கா ஆணியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.