படி இறங்கிப் பார்க்கும் சிவாலயம்

யோக்யகர்த்தாவுக்குப் போகிறவர்கள் பிரம்பானனைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 47 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் சிவன் கோயிலுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் ஜாவாவில் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது, அதே வட்டாரத்தில் ஊருக்கு நடுவே ஒரு பெரும் பள்ளத்துக்குள் இருக்கும் சம்பிசாரிதான்.

கோயிலுக்குப் படியேறியே பழகிய கால்கள் இங்கே படியிறங்க வேண்டும். சுமார் ஆறரை மீட்டர் ஆழம். 1966-ல் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்த விவசாயி ஒருவரின் மண்வெட்டி, சிற்பம் செதுக்கிய கல்லில் போய் இடித்தது. தோண்டத் தோண்ட ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவாலயம் ஒன்று வெளிப்பட்டது. கற்களை அடையாளம் கண்டு, பொருத்தி, எழுப்பி முடிக்க 1987 ஆகிவிட்டது.

புதைத்தது மெராபி எரிமலை. வெடிக்கும்போது கக்கும் சாம்பல் சரிவுகளில் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் சேறாகக் குழைந்து ஆறுகளின் வழியே பாய்ந்து வரும். ‘லஹார்’ என்று சொன்னால் அங்கே குழந்தைக்கும் தெரியும். கோயில் கட்டிய கருங்கல்லும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானதே.

கருவறை மேற்குப் பார்த்தது. வெளிச்சுவரை வலம் வந்தேன். வடக்கு மாடத்தில் எட்டுக் கைகளோடு மகிஷாசுரமர்த்தினி. நம் கோஷ்டத்திலும் துர்க்கைக்கு அதுதான் இடம். கிழக்கே விநாயகர். தெற்கே தட்சிணாமூர்த்தியைத் தேடிப் போன கண்ணுக்குக் கிடைத்தவர் அகத்தியர்! தாடியும் தொந்தியுமாக நிற்கிறார். பொதிகை மலையில் நாம் குடிவைத்திருக்கும் முனிவரைக் கடல் கடந்து, சிவன் கோயில் மாடத்தில் கண்டபோது கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

உள்ளே லிங்கம். ஆவுடையாரின் கோமுகி வடக்கு நோக்கி நீள்கிறது. அதைத் தாங்குவது ஒரு நாகம். தலையைத் தூக்கி முழுப் பாரத்தையும் சுமக்கிறது. வெகுநேரம் அதன் முன்னாலேயே குனிந்திருந்தேன். நாள் பூசை இல்லாத கோயில் என்பதால் கோமுகி உலர்ந்து கிடக்கிறது. வெளியே சுற்றுப்பாதைத் தளத்தில் தூண் நிறுத்தும் கல் பீடங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. மேலே மரக்கூரை இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மரம் போய்விட்டது, கல் நின்றது.

புதைந்து கிடந்ததால் பிழைத்த கோயில் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் 2010-ல் இதே மெராபி வெடித்து 350 பேருக்கு மேல் மாண்டார்கள். சரிவில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். சாம்பல் உரமேற்றிய மண்ணில்தான் உழுகிறார்கள். அந்த மலைக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரம்பானன் போகிறவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கி இங்கேயும் வாருங்கள். காலையிலேயே வந்துவிட்டால், மேகம் மூடுவதற்குள் பள்ளத்தின் மேட்டில் நின்று வடக்கே மெராபியையும் பார்த்துவிடலாம்.