படிவத்தில் எழுத வேண்டிய பெயர்



இங்கிலாந்தில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், காவல்துறையிடமிருந்து எங்கள் வீட்டிற்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. சென்ற குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலையில் அது வந்தது. எங்கள் கார், அதற்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி 51 நிமிடத்திற்கு, மணிக்கு 30 மைல் வரம்புள்ள சாலையில் 37 மைல் வேகத்தில் சென்றதாகக் கேமரா பதிவு செய்திருந்தது. கிலோமீட்டரில் சொன்னால், 48-இல் செல்ல வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 60.

நாளையும் நேரத்தையும் பார்த்தவுடனே எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அது ஜும்ஆவுக்குச் சென்ற நேரம். காரை ஓட்டியவர் எங்கள் மூத்த மகன். அவருக்கு வயது பத்தொன்பது. உரிமம் பெற்று ஏழு மாதங்களே ஆகியிருந்தன. நாங்கள் இருவரும் உடன் இருந்தோம். வீட்டிலிருந்து தாமதமாகப் புறப்பட்டதும் நாங்களே. "சீக்கிரம் போ, குத்பா தொடங்கிவிடும்" என்று வழியெல்லாம் அவரை அவசரப்படுத்தியதும் நாங்களே.

முதன்முறையாக இத்தகைய கடிதத்தைப் பெறும் குடும்பங்கள் அஞ்சிவிடுவது இயல்பு. ஆகவே அதன் நடைமுறையை முதலில் கூறிவிடுகிறோம். இந்த முதற்கடிதம் அபராதச் சீட்டு அன்று. வழக்குத் தொடரப்படலாம் என்னும் முன்னறிவிப்பே அது. வாகனம் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவருக்கு, சம்பவம் நிகழ்ந்து 14 நாள்களுக்குள் அது வந்து சேர வேண்டும். பணம் எதுவும் அப்போது கேட்கப்படுவதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: அந்நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார்? அதற்கான விடையைப் படிவத்தில் எழுதி, 28 நாள்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டியவர் யாரெனத் தெளிவாகத் தெரியாவிட்டால், கேமரா எடுத்த படத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் அனுப்பாமல் இருந்துவிட்டாலோ அதுவே தனிக் குற்றமாகிவிடும். உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும், 1,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்கப்படலாம். வீடு மாறியவர்கள் வாகனப் பதிவில் முகவரியை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது இதனாலேயே ஆபத்தானது. கடிதம் பழைய வீட்டிற்குப் போய்க் கிடக்கும், நாள்கள் கடந்துவிடும்.

கேள்வி எளியது. விடையும் எங்களுக்குத் தெரியும். ஆயினும் அந்தப் படிவம் மூன்று நாள்கள் மேசைமீது எழுதப்படாமலே கிடந்தது.

காரணம் இதுதான். இந்நாட்டில் உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் உரிமம் பறிக்கப்படும்; எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் மீண்டும் எழுதித் தேற வேண்டும். வேகக் குற்றத்திற்கு வழக்கமாக 3 புள்ளிகள். எங்கள் மகன் ஒரே நாளில் பாதித் தூரம் போய்விடுவார். இளம் ஓட்டுநர் என்பதால் முன்பே பெருந்தொகையாக இருக்கும் காப்பீட்டுக் கட்டணம் இன்னும் உயரும். செய்தி அறிந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில், "மச்சான், உங்கள் உரிமத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே. உங்கள் பெயரை எழுதிவிடுங்கள், விஷயம் முடிந்தது. எல்லோரும் செய்வதுதானே?" என்றார். தீய எண்ணத்தால் அவர் அதைச் சொல்லவில்லை; பிள்ளைமீது கொண்ட பாசத்தால் சொன்னார்.

எங்கள் மனமும் அதன் பக்கமே சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எங்களுக்கு ஒரு நியாயமும் கிடைத்திருந்தது. அவசரப்படுத்தியவர்கள் நாங்கள்தானே? தவற்றின் வேர் எங்களிடம் இருக்கும்போது, தண்டனையை நாங்கள் ஏற்றுக்கொள்வதுதானே நீதி? பொய்யைத் தியாகம் என்று எண்ண வைப்பதில் ஷைத்தானுக்கு உள்ள திறமையை அன்றுதான் உணர்ந்தோம்.

மூன்றாம் நாள் இரவு, இஷாவுக்குப் பின் அமர்ந்து பேசினோம். சூரா அந்நிஸாவின் 135-ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. சாட்சியம் தமக்கே பாதகமாயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும், அல்லாஹ்வுக்காக நீதியில் நிலைத்து நிற்குமாறு அது நம்பிக்கையாளர்களைப் பணிக்கிறது. எத்தனையோ முறை ஓதிய வசனம். ஒரு போக்குவரத்துப் படிவத்தின் முன் அது எங்களை நிறுத்தும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. படிவம் கேட்டது, தவறு யாருடையது என்றன்று. ஓட்டியவர் யார் என்றே. அது ஒரு சாட்சியம்.

உலகியல் கணக்கிலும் அது அற்பமான பொய்யன்று. கிறிஸ் ஹியூன் என்னும் அரசியல்வாதி 2003-இல் செய்த வேகக் குற்றத்தின் புள்ளிகளை, அப்போதைய அவருடைய மனைவி தம் பெயரில் ஏற்றுக்கொண்டார். பின்னாளில் அது வெளிப்பட்டது. அமைச்சர் பதவி போயிற்று. 2013-இல் நீதியின் போக்கைத் திரித்த குற்றத்திற்காக இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று புள்ளிகளை மறைக்கச் சொன்ன பொய், பத்தாண்டுகள் கழித்துச் சிறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எனினும் எங்களை முடிவு செய்யவைத்தது சிறைபற்றிய அச்சமன்று. பேசிக்கொண்டிருந்தபோது மகன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கி வந்து, "வாப்பா, என் பெயரை எழுதுங்கள். காலை மிதித்தது நான்தான்" என்றார். சற்று நேரம் எங்களால் பேச முடியவில்லை. சிறு வயதில் மதரஸாவுக்கு அனுப்பி, பொய் சொல்லாதே என்று கற்பித்த பிள்ளை அவர். அவரைக் காப்பாற்றுவதாக எண்ணி நாங்கள் செய்யவிருந்த செயல், அந்தப் பாடம் முழுவதையும் ஒரே கையெழுத்தில் அழித்திருக்கும். அன்றிரவே அவர் பெயரை எழுதி, மறுநாள் அஞ்சலில் சேர்த்தோம்.

அதன்பின் அவர் பெயருக்கே ஒரு படிவம் வந்தது. ஓட்டியதை ஒப்புக்கொண்டு அனுப்பினார். அடுத்த கடிதத்தில், வேக விழிப்புணர்வு வகுப்பில் சேர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். வரம்பைச் சிறிதளவே கடந்தவர்களுக்கும், கடந்த மூன்று ஆண்டுகளில் அவ்வகுப்பில் சேராதவர்களுக்கும் பெரும்பாலும் இந்த வாய்ப்பு அளிக்கப்படுகிறது. 30 மைல் சாலையில் 42 மைல் வரை சென்றவர்கள் பொதுவாக இதில் அடங்குவர். கட்டணம் உண்டு, புள்ளிகள் இல்லை. மறுத்தால் 100 பவுண்டு அபராதமும் 3 புள்ளிகளும். வேகம் மிக அதிகமாயின் வகுப்பும் இல்லை, நேரே நீதிமன்றம்தான். நாங்கள் அஞ்சிய புள்ளிகள் இறுதியில் வரவேயில்லை. ஆனால் வகுப்பு கிடைக்கும் என்று தெரிந்து நாங்கள் உண்மையை எழுதவில்லை. வராமற்போயிருந்தாலும் அந்தப் பெயரே எழுதப்பட வேண்டிய பெயர்.

வகுப்பை மகன் கணினி வழியாக வீட்டிலிருந்தே முடித்தார். கட்டணத்தில் பாதியை அவர் தம் பகுதிநேர வேலையின் சம்பளத்திலிருந்து தந்தார். மறுபாதியை நாங்கள் தந்தோம். எங்கள் பங்குத் தவற்றுக்குப் பொய்யின்றி நாங்கள் செய்யக்கூடியதாக இருந்தது அதுவே. அன்று மாலை அவர் கற்றதை எங்களுக்கு விளக்கினார். 30 மைல் வேகத்தில் செல்லும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தி நிற்பதற்கு 23 மீட்டர் தேவை. 40 மைலில் 36 மீட்டர். அந்த இடைவெளியில் ஏறத்தாழ மூன்று கார்களை வரிசையாக நிறுத்தலாம். பள்ளிவாசலுக்குச் செல்லும் அச்சாலையில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. நாங்கள் மிச்சப்படுத்த முயன்றது ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரம்.

தொழுகைக்கு வரும்போது ஓடி வராமல், அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வருமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். கால்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஒழுக்கம் சக்கரங்களுக்கும் பொருந்தும் என்பதை ஒரு கடிதம் எங்களுக்கு நினைவூட்டியது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் இருபது நிமிடம் முன்னதாகவே புறப்படுகிறோம். ஒட்டுநர் இருக்கையில் பிள்ளை இருக்கும்போது நாங்கள் வாய்திறப்பதில்லை. திறந்தால் ஸலவாத்துக்காக மட்டுமே.

இத்தகைய கடிதம் உங்கள் வீட்டிற்கு வந்தால் அஞ்ச வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், உண்மையை எழுதுங்கள், உரிய நேரத்தில் அனுப்புங்கள். சிறிய படிவங்களிலும் உண்மையைச் சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.